அடைப்புக்குள் ஒன்று

கார்ட்லா, நவம்பர். மூன்றரை மணிக்கே
ஜன்னல் கறுத்துவிட்டது.
அருங்காட்சியகத்தார் கேட்டது ஒரே ஒரு பெயர்:
தேவாலயப் பதிவேட்டின் முதல் குழந்தை.
வாசல் சுவரில் எழுதப் போகிறார்களாம்,
பெயின்டர் வியாழக்கிழமை வருகிறார்.

இரட்டைச் சாய்கோடு, லாப்ஸ்,
சதுர அடைப்புக்குள் ஒன்று.
லாப்ஸ் என்றால் எங்கள் மொழியில் குழந்தை.
ஒன்றைக் கேட்டேன்,
நானூற்றுப் பன்னிரண்டு வந்தது.
வீட்டுக்கு ஒன்றாய்
இந்தத் தீவின் தலைச்சன்கள் அத்தனை பேரும்
திரையில் வந்து நின்றார்கள்.

யாருக்குள் ஒன்று என்று நான் சொல்லவில்லை.
அது கதவு கதவாகத் தட்டி
ஒவ்வொரு தாயிடமும் கேட்டுவிட்டு வந்திருக்கிறது.

எல்லாரையும் பிறை அடைப்பில் அள்ளிக் கட்டி
அதன் பிறகு ஒன்று என்றேன்.
ஒரே ஒரு லாப்ஸ்.
1731, மார்ச், விடியுமுன்.
பெயருக்கான டேக் கிடையாது.
பாதிரியார் அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

யூலோ நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்,
வாயில் பாதி ரொட்டி.
"பேர் இருக்கிறவங்களை முதல்ல சலி,
அப்புறம் எண்ணு. அடைப்புகளை இடம் மாத்து, போதும்."
மாற்றினேன். கிரீட் வந்தாள், 1734.
அதே வீடு, அதே தாய்.
சுவருக்கு ஏற்ற பெயர், ஐந்தெழுத்துத்தான், பெயின்டும் மிச்சம்.

முதலில் எண்ணி அப்புறம் சலித்தால்
ஒன்றும் வருவதில்லை.
பிழைச் செய்திகூட இல்லை;
வெறுங்கையோடு திரும்புவது
அந்த மொழியில் குற்றமில்லை.

யூலோ போன பிறகு
கிரீட்டின் மேல் நின்றுகொண்டு
அவளுக்கு மூத்தவர்களைக் கேட்டேன்.
இரண்டு பேர். இருவருக்கும் பெயரில்லை.
பின்னோக்கிப் பார்க்கும்போது
எண்ணிக்கை பக்கத்திலிருந்து தொடங்கும்:
1732-இல் வந்து போனதுதான் அவளுக்கு ஒன்று.
ஊருக்கே ஒன்றாயிருந்த அந்த மார்ச் மாதத்துப் பிள்ளை
தங்கையின் கணக்கில் கடைசி.

காபி ஆறிப்போயிருந்தது.
அப்படியே குடித்தேன்.

அருங்காட்சியகத்துக்கு எழுதினேன்:
பெயர்தான் வேண்டுமென்றால் கிரீட்.
முதலாவதுதான் வேண்டுமென்றால்
அவள் பெயருக்கு மேலே
ஒரு கையகலம் விட்டுவிடச் சொல்லுங்கள்.

பதில் ஆறு மணிக்கு வந்தது:
கையகலம் என்றால் எத்தனை சென்டிமீட்டர்,
பெயின்டர் கேட்கிறார்.