அட்டை வளையவில்லை

ஞாயிறு விடியும் முன்பே
பிரஸ்ஸல்ஸ் பழஞ்சந்தையில்
ரோஹியர் வேனின் பின்கதவைத் திறந்துவிடுவான்.
செத்தவர் வீட்டைக் காலி செய்து தருவது அவன் தொழில்.
கரண்டிகள் ஒருவனுக்கு, நிலைக்கண்ணாடி ஒருத்திக்கு,
காலணிப் பெட்டி எனக்கு.
நாற்பது யூரோ.
திறந்து பார்த்தால் ஐம்பது.

திறக்காமல் வாங்கி
ஓஸ்டெண்ட் ரயிலில் மடியில் வைத்துக்கொள்வேன்,
பெட்டிக்குள் ஆடும் பெட்டி.

பகலில் பல் மருத்துவமனை வரவேற்பில் இருக்கிறேன்.
இரவில் அஞ்சலட்டைகளை வகை பிரிக்கிறேன்.
கடற்கரை. கப்பல். பட்டாளம். தொப்பி போட்ட பூனை.
தேவாலயம் மலிவு, ஊருக்கு நாலு இருக்கிறது.
கலங்கரை விளக்கம் என்றால் விலை போகும்.

மூலை மடிப்பு, துருக்கறை, ஊசித்துளை
எதையும் ஒளிக்காமல் போட்டுவிடுவேன்.
பின்பக்கம் யாராவது எழுதியிருந்தால்
'எழுதப்பட்டது' என்று மட்டும்.
வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு
அதுவும் ஒரு கறைதான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்
ஒரு கலங்கரை விளக்கம் கிடைத்தது.
ஓஸ்டெண்ட், 1909, மார்ச் பதினாலு. நல்ல நிலை.
பின்னால் பென்சிலில், காற்றில் சாய்ந்த எழுத்து:

சிடோனி, மூன்று நாளாய் மழை.
கையெல்லாம் மீன் வாடை.
சைக்கிளை விற்றுவிட்டாயா?
விற்காதே.
கமீல்.

எழுதப்பட்டது, என்று போட்டேன்.

பெர்கனுக்கு வடக்கே ஏதோ ஒரு தீவில் தோர்கில் என்பவர்
உலகத்துக் கலங்கரை விளக்கங்களையெல்லாம் சேர்க்கிறார்.
ஏலம் முடிய ஒன்பது நொடி இருக்கையில்
ஒரு போர்ச்சுகல்காரரைத் தாண்டினார்.
இருபத்தாறு யூரோ.

அட்டை போய்விட்டது.
சைக்கிள் போகவில்லை.
வாய் வீங்கி வருபவர்களின் பெயரைத் தட்டச்சும்போது,
தள்ளுவண்டியில் இறால் வாங்கும்போது,
சிவப்பு விளக்கில் நிற்கும்போது:
விற்றாளா?

இந்த மார்ச்சில் ரோஹியரிடம் ஒரு பிஸ்கட் டப்பா.
வேறு வீடு, வேறு ஊர், வேறு சாவு.
நடுவில் ஒரு தேவாலயம்:
கெண்ட், புனித நிக்கோலாஸ், இடப்பக்கம் நீர்க்கறை.
திருப்பினேன்.
பெறுநர்: கமீல், மீன் ஏலக்கூடம், ஓஸ்டெண்ட்.

சைக்கிள் போயிற்று. பதினெட்டு பிராங்க்.
ஞாயிறு மதிய வண்டியில் வருகிறேன்.
சி.

ஸ்கேனரின் வெளிச்சம் ஒருமுறை அதன்மேல் நடந்து போயிற்று.
இன்னொரு முறையும் நடக்கவிட்டேன், தேவையில்லாமல்.

தேதி தெரியவில்லை.
தபால்தலையைக் கிழித்தெடுத்த எவனோ
முத்திரையில் பாதியையும் கொண்டுபோயிருந்தான்.
இவள் எழுதியது பதில்தானா,
அல்லது அவன் கேட்கும் முன்பே விற்றுவிட்டு
இரண்டு அட்டைகளும் வழியில் எங்கோ
ஒன்றையொன்று கடந்து போயினவா?

தோர்கிலுக்கு எழுதினேன்.
கேள்வி உங்களிடம், பதில் என்னிடம்,
விலை வேண்டாம், அனுப்பட்டுமா என்று.
மறுநாள் வந்தது:
'நன்றி அம்மையீர். நான் தேவாலயங்கள் சேர்ப்பதில்லை.'

மூன்று யூரோவுக்குப் போட்டேன்.
இரண்டாக்கினேன்.
ஒன்றரை.
பதினோரு பேர் பார்த்தார்கள்,
அதில் நாலைந்து பேர் நானாகவே இருக்கலாம்.

மே மாதம் தோர்கில் மறுபடி வந்தார்.
பிளாங்கன்பெர்க் கலங்கரை விளக்கம், வண்ணம் தீட்டியது, பன்னிரண்டு யூரோ.
பிளாஸ்டிக் உறையில் இட்டேன்.
தபால் இயந்திரம் வளைத்துவிடாமலிருக்க
முதுகுக்கு ஓர் அட்டை வைக்க வேண்டும்.
வழக்கமாகச் சோள அவல் டப்பாவை வெட்டி வைப்பேன்.
அன்று டப்பா காலியாகவில்லை,
இன்னும் இரண்டு காலைக்கு இருந்தது.

புனித நிக்கோலாஸ் அளவாகப் பொருந்தினார்.
எழுத்துப் பக்கம் வெளியே தெரிய வைத்து
ஓரம் ஒட்டினேன்.

பத்து நாள் கழித்து ஐந்து நட்சத்திரம்.
'விரைவு. பொதிந்த விதம் மிக நன்று.
அட்டை வளையவில்லை.'

எந்த அட்டை என்று
எழுதவில்லை.