நான்காவது கட்டம்

ஃபால் ரிவரில் மார்ச் மாதம்.
ரேடியேட்டர் கிழவனைப் போல் இருமுகிறது.
பங்கு அலுவலகத்தில், என் மேசைக்கு எதிரே
ஈரக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்
டியோலிண்டா ஃபுர்தாடோ.
தம்பி மகளுக்கு ஞானத்தாய் ஆகவேண்டும்.
பெயர் எழுதிவிட்டாள். பிறந்த நாள் எழுதிவிட்டாள்.
உறுதிபூசுதல் பெற்ற ஆண்டும் நினைவிருக்கிறது.
நான்காவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது:
‘கத்தோலிக்க விசுவாசத்தில் வாழ்பவரா?’

‘பொய் சொல்லட்டுமா நோரீன்,
இல்லை உன் நேரத்தை வீணாக்கட்டுமா?’
பதினொன்றரைக்கு ஓர் அடக்கப் பூசை இருந்தது.
வீணாக்கு என்றேன்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி
மீன் பதனிடும் ஆலைக்குப் பின்னால்
ஏழு பெண்கள், ஓர் உப்பு வட்டம்,
திசைக்கொரு மெழுகுவர்த்தி.
விக்கா என்கிறார்கள். நிலவை அம்மா என்கிறார்கள்.
இவளுக்கு மட்டும் அந்த அழைப்பு
பாதி வழியில் தடம் மாறி
அருள் நிறைந்தவளே என்று முடிகிறதாம்.
மற்ற ஆறு பேரும் சிரிப்பார்களாம்.

ஞாயிறு பத்து மணிப் பூசைக்கும் வருவாள்.
அதற்கு நானே சாட்சி:
இடப்பக்கம், மூன்றாம் தூண்,
காணிக்கைத் தட்டில் நான்காய் மடித்த ஐந்து டாலர்.
இங்கே யாரும் சிரிப்பதில்லை.
இங்கே யாருக்கும் தெரியாது.

தீர்ப்புச் சொல்ல நான் யார்?
வீடு விலைபோகவேண்டும் என்று
சூசையப்பர் சுரூபத்தைத் தலைகீழாகப்
பூந்தொட்டியடியில் புதைத்தவள்.
ஒன்பதாம் நாள் விலை படிந்தது.
தோண்டியெடுக்க மறந்துபோனேன்.
அப்போது கூப்பிட்டது சூசையப்பரை மட்டும்தான்,
வேறு யாரையும் இல்லை.
அது ஒரு வித்தியாசம் என்றால்
எத்தனை கிராம் வித்தியாசம்?
தெரியவில்லை.
ஆனாலும் ‘ஆம்’ போடு என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ஃபாதர் ஆன்செல்ம் வந்தார்,
கையில் அடக்கத்துக்கான அங்கி, இஸ்திரிச் சூட்டோடு.
நின்றபடியே கேட்டார், குறுக்கிடாமல்.
‘ஊற்றிய தண்ணீரைத் திருப்பி அள்ள
யாராலும் முடியாது, டியோலிண்டா.
நீயே வேண்டாமென்றாலும் நீ எங்கள் பெண்தான்.
ஆனால் அந்தக் குழந்தைக்காக
ஒரே கடவுளை விசுவசிக்கிறேன் என்று சொல்லவேண்டும்.
‘ஒரே’ என்பதை விழுங்காமல் சொல்வாயா?’

‘ஞாயிறன்று சொல்வேன்’ என்றாள்.
‘திங்களைப் பார்த்துவிட்டால் தெரியவில்லை.’

‘சாத்தானை விட்டுவிடுகிறாயா என்றும் கேட்பேன்.’
‘எங்கள் வட்டத்தில் அவனே கிடையாது, ஃபாதர்.
அவனை எனக்கு அறிமுகப்படுத்தியது
உங்கள் பள்ளியின் இரண்டாம் வகுப்பு.’
சிரித்துவிட்டார்.
சிரித்ததற்காக முகம் கறுத்தார்.
‘ஒரு உறையில் இரண்டு வாள் இருக்காதம்மா.’
‘நான் வாள் இல்லையே. நான் உறை.
கிழிவதெல்லாம் நான்தான்.’

ரேடியேட்டர்கூட ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டது.

உயிர்ப்பு ஞாயிறு வரை யோசி என்று
அவர் அங்கியை மாட்டிக்கொண்டு போனார்.
இவள் வெளியே போகவில்லை.
பாடகர் குழுவில் ஆள் குறைவென்று யாரோ சொன்னதில்
முன்பின் தெரியாத ஒரு தச்சருடைய சாவுக்கு
மாடியேறிப் பாடினாள்.
கீழே, என் மேசைவரை கேட்டது.
ஆல்டோ. கொஞ்சம் ஸ்ருதி இறக்கம்.

மூன்று மணிக்குப் படிவத்தைக் கணினியில் ஏற்றினேன்.
காலிக் கட்டத்தை அது ஏற்பதில்லை.
ஆம் கேட்கிறது, இல்லை கேட்கிறது,
இரண்டும் தராவிட்டால் சிவப்பாகிறது.
வரைவு என்று சேமித்து வைத்தேன்.

வீடு திரும்பும்போது
எதற்கென்று தெரியாமல் பழைய தெருவில் வண்டியைத் திருப்பினேன்.
பூந்தொட்டி இருந்த இடத்தில் ஒரு டிராம்போலின்.
சூசையப்பரின் உள்ளங்கால்களுக்கு நேர் மேலே
இரண்டு பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.
வெளிச்சம் போகும்வரை காரிலேயே இருந்தேன்.
கூரைக்கு மேலே நிலவு வந்தது,
ஒரு பக்கம் இன்னும் நிரம்பாமல்.