அரைப்பேர்

தலவாக்கலை டவுனில், கோழிக்கடைக்கு மேல்மாடி.
படியேறி வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும்.
மலையேறிப் பழகியவர்கள்தான்,
ஆனாலும் இந்தப் பதினேழு படி வேறு.

வெள்ளைத் திரை, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூல்.
காது தெரியணும். பல் தெரியக் கூடாது.
நாடு சொல்கிறது, நான் திருப்பிச் சொல்கிறேன்.
சிரிக்காதீங்க என்றதும்தான்
எல்லோருக்கும் சிரிப்பு வரும்.
அது அடங்கும்வரை காத்திருந்து
அடங்கிய கணத்தில் அமுக்குவேன்.
அப்படி அடங்கிய முகங்களாக
குவைத்துக்கு, ஜோர்தானுக்கு, பெய்ரூட்டுக்கு
எத்தனை பேரை அனுப்பினேனோ,
கணக்கு வைக்கவில்லை.

இன்று வந்தவள் திலகேஸ்வரி.
கீழ்ப்பிரிவு, பத்தாம் நம்பர் லயம்.
பாஸ்போர்ட் முடிகிறதாம், புதுசு எடுக்கணுமாம்.
பழையதில் இருப்பதும் நான் பிடித்த முகம்.
விரித்து வைத்துப் பார்த்துவிட்டு
"யாரையோ எடுத்திருக்கீங்க அண்ணே" என்றாள்.

கரண்ட் போனது. வெளியே மழை
பஸ் ஸ்டாண்டையே காணாமலாக்கியது.
மெழுகுதிரி தேடும்போது பேச்சு வந்தது.

அங்கே அவள் பெயர் ஸ்ரீலங்கா.
முதல் வீட்டு மேடம் வைத்தது.
பக்கத்து வீட்டில் நிற்பவள் மணிலாக்காரி,
அவளையும் அந்த வீட்டுப் பிள்ளைகள்
"எங்க ஸ்ரீலங்கா" என்றுதான் சொல்லுமாம்.
"நாம நாடில்ல அண்ணே,
ஒரு வேலையோட பேரு."

ஒரு சுதந்திர தினத்துக்கு
தூதரகத்தில் ஆள் கேட்டார்களாம்.
ஒருநாள் லீவு கிடைக்கும் என்று போனாளாம்.
ஒசரி கட்டிவிட்டார்கள். கட்டத் தெரியாது என்றதும்
"மலைநாடுதானே, அங்கே கட்டுறதில்லையா?"
என்று கேட்டாளாம் ஆபீஸ் நோனா.
கையில் தட்டு, தட்டில் தேத்தண்ணி,
முதுகுக்குப் பின்னால் சுவர் உயரத்துக்குப் படம்:
பச்சை மலை, கூடை, முப்பத்திரண்டு பல்.
விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர்
படத்தைப் பார்த்து, இவளைப் பார்த்து,
நீயா என்றாராம்.

என்ன சொன்னே?

"ஆமான்னுட்டேன்."

கொஞ்ச நேரம் கோழிக்கடைக் கத்தி மட்டும் கேட்டது.

"பதினெட்டுக் கிலோ இல்லாட்டி
நமக்கு அரைப்பேர்தானே இங்க.
பதினேழரை நிறுத்தாலும் அரைப்பேர்.
அங்க பாருங்க, நாட்டோட பேரையே
முழுசா தூக்கி என் தலையில போட்டாங்க.
கூடைக் கயிறு கிடந்த அதே எடத்துல."

தேத்தண்ணி எப்படி இருந்திச்சு என்றேன்,
வேறென்ன கேட்பது.
"ஆளில்லாதப்ப ஒரு வாய் குடிச்சேன்.
நமக்குக் குடுக்குற தூளில்ல அது.
வாசம் மட்டும்
நம்ம கொழுந்து மடுவத்து வாசம்."

என் அப்பாவுக்கு
நாற்பத்தொரு வயதுவரை நாடில்லை.
மூன்று விண்ணப்பம், மூன்று போட்டோ.
கடைசியில் வந்த காகிதத்தில்
அவர் பெயரில் ஓர் எழுத்து தப்பு.
திருத்தப் போகவேயில்லை.
தொட்டால் பறித்துவிடுவார்கள் என்று
அந்தத் தப்பெழுத்துக்கே கையெழுத்தை மாற்றிக்கொண்டார்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
சொல்ல நினைத்தபோது லைட் வந்துவிட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள்.
சிரிக்காதீங்க என்றேன், பழக்கத்தில்.
அவளுக்கு வரவில்லை.
காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

ரசீதுப் புத்தகத்தை அவளே திருப்பி
விரல் வைத்து வாசித்தாள், எழுத்தெழுத்தாக.
"லே போட்டிருக்கீங்க. ல போடணும்."
அடித்துத் திருத்தினேன்.
"அடிச்சது வேணாம்ணே. புதுசா எழுதுங்க."

எழுதினேன். மீதி இருபது ரூபாய்க்கு
என்னிடம் சில்லறை இல்லை.
அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன் என்று
குடையைப் படிக்குப் படி தட்டிக்கொண்டு
இறங்கிப் போனாள்.