ஓட்டைக்குக் குறைத்த பணம்

டாமாவின் தோலுக்கு எண்பது பிர் என்று பேச்சு.
எழுபதுதான் கொடுத்தார் மெரிகேட்டா ஃபந்தாஹுன்.
"விலாப்பக்கம் ஓட்டை இருக்கிறதே, திரூயே.
வேதம் எழுதத் தோல் கேட்டேன்,
செருப்புத் தைக்கவா கேட்டேன்?"

ஓட்டை எனக்குத் தெரியும்.
குட்டியாய் இருந்தபோது வேலமுள் கிழித்தது.
சாம்பலும் வெண்ணெயும் குழைத்து அப்பினேன்.
நோன்புக் காலம்.
என் நாக்குக்கு விலக்கிய வெண்ணெய்
அதன் விலாவுக்குப் போனது.
ஆறிவிட்டது என்றிருந்தேன்.
உயிரோடு இருந்தவரை ஆறித்தான் இருந்தது.
மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து
மரச்சட்டத்தில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியபோது
மறுபடி கண் திறந்துகொண்டது,
முள்முனை அளவாய் இருந்தது
அவரைவிதை அளவாய்.

பத்து பிர் இருந்தால் உப்பு வாங்கலாம், மிளகாய் வாங்கலாம்.
லாஸ்தா மலையில் அந்த வருஷம்
தெஃப் கதிர் விரல் நீளம்கூட ஏறவில்லை.
எழுபதை நெத்தலா நுனியில் முடிந்தேன்.
மீதியை வாய்க்குள் முடிந்தேன்.

புத்தகம் முடிய ஒன்றரை வருஷம்.
கரியும் பிசினும் கலந்த கறுப்பு மை.
கடவுள் பெயருக்கும் மரியாள் பெயருக்கும் மட்டும் சிவப்பு.
கீஸ் மொழியில் படிப்பார்கள்.
எனக்குப் புரியாது.
பக்கத்தில் நிற்கிற அத்ஸெதேவுக்கும் புரியாது.
படிக்கிற டீக்கன் கெடாமுவுக்கே
பாதிதான் புரியும் என்பது ஊரறிந்த ரகசியம்.
ஆனால் முத்தமிடப் புத்தகத்தை நீட்டும்போது
அட்டைக்குள்ளிருந்து ஒரு வாசனை வரும்.
அதை எனக்கு யாரும்
மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

மெஸ்கெரெமில் மழை விட்டது.
ஈரம் ஏறிய புத்தகங்களை வெயிலில் விரித்தார்கள்.
ஆடுகள் வந்து மேயாமல் காவல் இருக்க
ஆட்டுக்காரியைத்தான் கூப்பிட்டார்கள்.
காற்று என்னைவிட வேகமாய்ப் படித்துக்கொண்டு போனது,
ஏடு ஏடாய்.
ஓரிடத்தில் கல்லை எடுத்து வைத்து நிறுத்தினேன்.

டாமா.

அதே விலா, அதே ஓட்டை.
கறுப்பு வரி விளிம்புவரை வந்து
தயங்கி நின்று
தாண்டிக் குதித்து
அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது,
பள்ளத்தைப் பார்த்த ஆடு மாதிரியே.

என்ன சொல் இது என்று கெடாமுவைக் கேட்டேன்.
விரல் வைத்து எழுத்துக் கூட்டினான்.
நாலு எழுத்து.
இரண்டு இந்தக் கரையில், இரண்டு அந்தக் கரையில்.
"இரக்கம்" என்றான்.
சொன்னவன் காதுமடல் வரை வெட்கப்பட்டான்.
ஓட்டை வழியாக
அடுத்த ஏட்டின் சிவப்பு எழுத்து ஒன்று
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
போன நோன்பில் அவசரத்தில்
அதையும் நடுவில் சேர்த்துப் படித்துவிட்டானாம்.
ஐந்து எழுத்தில் ஒரு சொல்.
கீஸில் இல்லை, அம்ஹாரிக்கில் இல்லை,
தேவதைகள் பேசினாலும் அப்படிப் பேச மாட்டார்கள்.
ஊரே நெற்றி தரையில் பட விழுந்து
ஆமென் சொன்னது.
நானும்தான் சொன்னேன்.
எனக்கு அன்றைக்கு அழுகைகூட வந்தது.

வேதம் வானத்திலிருந்து இறங்கியது என்கிறார்கள்.
இறங்கியிருக்கும், நான் யார் மறுக்க?
இறங்கியது எங்கே கால் வைத்தது என்று மட்டும்
எனக்குத் தெரியும்.
அந்த இடத்தில் நான் வெண்ணெய் தடவியிருக்கிறேன்.

வெயில் சாயும் நேரம்
டாமாவின் பேத்தி ஏட்டருகே வந்தது.
குச்சியை ஓங்கினேன்.
அது முகர்ந்தது, தும்மியது,
திரும்பிப் போய்விட்டது.
எச்சில் துளி ஒன்று ஓரத்தில் காய்ந்து கிடக்கிறது.
துடைக்கவில்லை.

மெரிகேட்டா,
அந்தப் பத்து பிர்
இன்னும் கணக்கில்தான் இருக்கிறது.