ஆண் அறியப்படவில்லை

லாஸ் பிளூமாஸ் தாண்டினால்
நூறு கிலோமீட்டருக்கு இந்த ஒரு பெட்ரோல் பங்க்தான்.
ஆறு விளக்கு. மற்றபடி காற்று.
விடியுமுன் விளக்கடியில் செத்த விட்டில்களைக்
கூட்டி அள்ளுவது என் வேலை.
தகர முறம் நிறையும்,
சில நாள் இரண்டு தடவை.

ட்ரெலியூவிலிருந்து எலுனெத் வந்தாள்,
வெள்ளைத் துணியும் சின்ன ஜெனரேட்டருமாக.
போனில் ஒரு படம் காட்டினாள்:
நகக்கண் அளவு, சாம்பல் நிறம்,
முகத்துக்கு முன்னால் எதையோ மோந்தபடி
நீண்டிருக்கும் மூக்கு.
மூக்கில்லை, வாயுறுப்பு என்றாள்.
மூக்கு மாதிரி இருப்பதை
மூக்கென்றுதான் சொல்வேன் நான்.

தொண்ணூறு வருடம் முன்பு யாரோ பிடித்தது.
ஒன்றே ஒன்று. பெண்.
வயிறு உடைந்து, ஊசி செருகி,
கடலுக்கு அப்பால் ஓர் இழுப்பறையில் இருக்கிறதாம்.
புழு எதைத் தின்னும்? தெரியாது.
எந்த மாதம் பறக்கும்? தெரியாது.
சீட்டில் எழுதியிருக்கிறதாம்:
ஆண் அறியப்படவில்லை.

சிரித்துவிட்டேன்.
மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று
தகப்பன் பெயர்க் கட்டத்தில் கோடு இழுத்துவிட்டுப்
பேனாவைத் திருப்பிக் கொடுத்தவள் நான்.
அவன் யாரென்று எனக்குத் தெரியும்.
கேட்டவர்களுக்குத்தான் தெரியாது.

மூன்று இரவும் எலுனெத்தின் துணியில்
காற்றுதான் வந்து உட்கார்ந்தது.
நாலாம் நாள் கிளம்பும்போது
காபிக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.
முறத்தை நீட்டினேன்.

ஒரு விரலால் கிளறினாள். நின்றாள்.
எண்ணெய்க் கறைத் தரையில் மண்டியிட்டு
குப்பைக்குள் முகம் புதைத்தாள்.
பதினான்கு.
மூக்கு இன்னும் கொஞ்சம் நீளம்,
உணர்கொம்பின் அடியில் கடுகாய் ஒரு முடிச்சு.
பதினான்கும் ஆண்.

எத்தனை நாளாய் வருகின்றன இவை?

பதினொரு வருடமாய்க் கூட்டுகிறேன்.
மார்ச் மாதம், தெற்குக் காற்று ஓய்ந்த இரவில்,
ஐந்தாம் கம்பத்துக்கு மட்டும் வரும்.
அது ஒன்றுதான் பழைய பாதரச விளக்கு,
முதலாளி மாற்றவில்லை.

பெண்?
வராது. வெளிச்சத்தைக் கண்டதும்
ஓடி வருவதெல்லாம் ஆண்தான்.
பெண்ணுக்கு வேறு வேலை இருக்கும்,
அந்த முட்புதரில் போய்ப் பார்.

குப்பிகளில் அடைத்தாள். சீட்டு எழுதினாள்.
'பிடித்தவர்' என்று ஒரு கட்டம்.
என் பெயர் கேட்டாள்.
எடெல்மா நாவெல்கிர்.
பிடிக்கவில்லை, கூட்டினேன் என்றேன்.
அடித்துவிட்டு
'கூட்டியவர்' என்று திருத்தினாள்.

லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
மிச்ச முறத்தைக் கொட்டப் போனேன்,
கை கொஞ்சம் தயங்கியது.
கொட்டினேன்.
நாளைக்கும் வரும்.