மைல் கணக்கு

பாஸ்போர்ட் பீரோவின் சாவி
என் இடுப்பில்தான் இருக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்,
வகுப்புவாரியாக ரப்பர் பேண்டு போட்டு.
கொடைக்கானல் ஈரத்தில் அட்டை ஊதிவிடும் என்று
நடுவில் பாச்சை உருண்டைகள்.
நான் விமானம் ஏறியதில்லை.
ஏற்றி அனுப்பத் தெரியும்.

ஆறாம் வகுப்பு பெர்லின் ஜெமிமா.
(பெர்லினுக்குப் போனதில்லை, கேட்டுவிட்டேன்.)
அப்பா மஸ்கட், அம்மா கோலாலம்பூர்.
கிறிஸ்துமஸுக்கு ஒருவர், மே மாதத்துக்கு ஒருவர்,
அடுத்த வருஷம் மாற்றி.
நாகர்கோவில் கோர்ட்டு பிரித்துக் கொடுத்தது
வீட்டை, நகையை, காரை, பிள்ளையை.
மைலை மறந்துவிட்டது.

எட்டு வயதில் கழுத்தில் அட்டை மாட்டி
முதல் தடவை தனியாக அனுப்பியபோது
உறுப்பினர் எண் கேட்டது கம்ப்யூட்டர்.
காலியாக விட்டால் நகரமாட்டேன் என்றது.
நான்தான் திறந்தேன் கணக்கை,
பள்ளி மின்னஞ்சலில், அவள் பெயரில்.
கடவுச்சொல்லை அவள் காதோடு சொன்னாள்:
மெஸ்ஸுக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த
நாயின் பெயர்.

இன்று அதில்
அறுபத்தோராயிரத்து இருநூற்று நாற்பது.

டார்வின் சார் எழுதுகிறார்:
டிக்கெட் எல்லாம் என் கார்டில் வாங்கியது,
மாடு யாருடையதோ பால் அவருடையது,
கடவுச்சொல்லை அனுப்பவும்.
கன்று என்று ஒன்று உண்டே சார்
என்று பதில் எழுதினேன். பிறகு அழித்தேன்.
லிசி மேடம் எழுதுகிறார்:
பதினெட்டு வரை அவளுக்குக் கையெழுத்து நான்தான்,
கடவுச்சொல்லை அனுப்பவும்.
இருவர் கடிதத்தின் அடியிலும்
வக்கீலுக்கு ஒரு நகல்.

மதியம் சாப்பிடாமல் விதிமுறை படித்தேன்.
விற்கக் கூடாது. கைமாற்றக் கூடாது.
செத்தால் வாரிசுக்கும் கிடையாது.
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில்:
மைல்கள் எந்நேரமும் நிறுவனத்தின் சொத்து.
அடப்பாவிகளா.

கூப்பிட்டு அவளிடம் காட்டினேன்,
இத்தனை மைலுக்கு என்னென்ன கிடைக்கும் என்று.
சாய்ந்து படுக்கும் சீட்டு,
சக்கரம் வைத்த பெட்டி,
ரொட்டி வாட்டும் மெஷின்.
கடைசிவரை உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"போகாம இருக்குறதுக்கு எத்தனை மைல் மிஸ்?"
அது பட்டியலில் இல்லை.

இதில் சேராத மைல்களும் உண்டு.
பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை, வத்தலக்குண்டு,
மதுரை ஏர்போர்ட் வரை நாலு மணி நேரம்.
அஷ்ரஃப் வண்டியில்
பாதி எலுமிச்சை மூக்கில், பாலிதீன் பை மடியில்.
எந்தக் கம்பெனியும் அதற்குப் புள்ளி தருவதில்லை.
மஸ்கட்டுக்குப் போனாலும் அந்த வாந்திதான்,
கோலாலம்பூருக்குப் போனாலும் அந்த வாந்திதான்.
அதன்மேல் இதுவரை
யாரும் வழக்குப் போடவில்லை.

மார்ச் முப்பத்தொன்று இரவு
பதினாலாயிரம் காலாவதி ஆனது.
வக்கீல்கள் தேதி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.
மே வந்தது. யார் முறை என்று முடிவாகவில்லை.
நூற்றுப் பதினோரு பாஸ்போர்ட்டுகள் இறங்கிப் போயின.
ஒன்று பீரோவிலேயே கிடந்தது,
ரப்பர் பேண்டுக்கு அவசியமில்லாமல்.

இரண்டாம் வாரம் வார்டனிடம் சொல்லிவிட்டு
அஷ்ரஃப் அவளைப் பூம்பாறை கூட்டிப்போனார்.
பூண்டுக்காட்டில் யாரோ பிடுங்கச் சொன்னார்களாம்,
பிடுங்கினாளாம்.
முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்தாள்,
நகமெல்லாம் மண், சட்டையெல்லாம் பூண்டு வாடை.
அந்தப் பாதையிலும் வளைவுக்குக் குறைவில்லை.
பாலிதீன் பை மடிப்புக் கலையாமல் இருந்தது.

டீசலுக்கு வவுச்சர் போட்டேன்:
பூம்பாறை, போக வர, ஒரு நபர்.
'யார் கணக்கில்' என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனாவை மூடி வைத்தேன்.
ஜூனில் ஆடிட்டர் வருவார்.
கேட்கட்டும்.