திரை

புதன்கிழமை யஸ்னா ஒரு சாக்கைக் கொண்டுவந்து போட்டாள்.
பதினான்கு ஜெர்சி, எல்லாம் வெள்ளை.
"ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நெஞ்சில் ஒரு பெலிக்கன் வேண்டும்.
பேக்கரியில் விலைப்பலகை எழுதுபவள் நீதானே?"
விலைப்பலகைக்குச் சுண்ணக்கட்டி போதும்.
அதைச் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டாள்.
வால்பரைசோவின் படிகளில்
மறுப்பு எப்போதும் ஆளை எட்டிப்பிடிப்பதில்லை.

வலைத்துணிக்குக் காசில்லை.
ஜன்னல் சீலையைக் கழற்றி வெட்டினேன்.
கீழே கடலில் திரைமேல் திரை,
என் ஜன்னலில் ஒன்றுமில்லை.
இரண்டு மரச்சட்டங்களில் இழுத்துப் பிடித்துப் பின் அடித்தேன்.
விரலால் சுண்டினால் டம் என்றது.
அதுவரைக்கும் எல்லாம் சுலபம்.

அப்புறம் எமல்ஷன். பச்சைப் பசை.
வெண்ணெய் தடவிய கைக்கு இதுவும் வரும் என்று நினைத்தேன்.
வெண்ணெய் வெளிச்சத்துக்குப் பயப்படாது.
குளியலறை பல்புக்குச் சிவப்புத் தாள்,
கதவிடுக்கில் துண்டு,
தொட்டியின் விளிம்பில் நான்.

முதல் சட்டத்துக்குப் பதினேழு நிமிடம் விளக்கு காட்டினேன்:
எவ்வளவு நீர் பீய்ச்சியும் பறவை திறக்கவில்லை,
பசை கல்லாகியிருந்தது.
இரண்டாவதற்கு ஐந்து:
இறக்கை, கால், வானம், எல்லாமே
பச்சையாய் வழிந்து சாக்கடைக்குப் போயின.
ஐந்துக்கும் பதினேழுக்கும் நடுவில் எங்கோ
ஒரு பெலிக்கன் நிற்கிறது.
எந்த நிமிடத்தில் என்று புட்டியில் எழுதியிருக்கவில்லை.

வெள்ளி இரவு கதவு தட்டும் சத்தம்.
எதிர்வீட்டு நோல்பெர்த்தோ, கையில் ஒரு பொட்டலம்.
மூன்று வருடமாய் எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்தான்.
"மன்னியுங்கள். புதனிலிருந்து உங்கள் ஜன்னலில் திரை இல்லை.
ராத்திரியெல்லாம் சிவப்பு வெளிச்சம்.
ஏதாவது கஷ்டமோ என்று..."
மிச்சத்தைச் சொல்லாமல் பொட்டலத்தை நீட்டினார்.
உள்ளே கத்திரிப்பூ நிறத்தில் கனத்த வெல்வெட் திரை.
என்ன சொல்வதென்று தெரியாமல்
பச்சைக் கைகள் இரண்டையும் காட்டினேன்.

வெல்வெட் அச்சுக்கு ஆகாது.
ஆனால் ஊசிமுனை வெளிச்சம்கூட அதில் நுழையாது.
அலமாரிக்கு முன்னால் தொங்கவிட்டோம்.
உள்ளே சட்டம் காய்ந்தது.
வெளியே நாங்கள் தேநீரோடு உட்கார்ந்திருந்தோம்,
அடைகாக்கத் தெரியாத இரண்டு பேர்.

பதினோரு நிமிடம்.
நீர் பட்டதும் முதலில் அலகு,
பிறகு அலகின் பை, பிறகு கண்.
கத்திவிட்டேன். கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.

சட்டத்தின் நான்கு மூலைக்கும் அடியில் நூறு பெசோ நாணயம்.
அவர் சட்டத்தைப் பிடிக்க, நான் ரப்பர் பட்டையைச் சாய்த்து இழுத்தேன்.
முதல் ஜெர்சியில் மை குளம் கட்டியது.
இரண்டாவதில் கண் இல்லை.
மூன்றாவதில் சுத்தமான ஒரு பறவை, நகம்வரைக்கும்.
நோல்பெர்த்தோ தயங்கித் தயங்கிச் சொன்னார்:
"இது மலையைப் பார்க்கிறதே."

ஜெர்சியில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.
கிளப் கொடியில் அது இடப்பக்கம்.
படத்தாளை மாற்றிப் போட்டிருக்கிறேன்.
கல்லான துணியைக் கிழித்தெறிந்து,
மிச்சச் சீலையை இழுத்து, மறுபடி பசை, மறுபடி வெல்வெட்.
சனி நள்ளிரவில் பதினோராவது ஜெர்சியை இஸ்திரி போட்டபோது
அவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தார்,
மூக்கில் நீல மை.

நான்குக்கு ஒன்று என்று தோற்றார்கள்.
புகைப்படத்தில் மலை பார்க்கும் மூன்று பேரை
யஸ்னா வரிசையின் ஒரு கோடியில் நிறுத்தினாள்;
மற்ற பதினொன்றும் அவர்களோடு
ஏதோ தகராறு செய்வதுபோல் இருந்தது.
அந்த ஒரு கோலைப் போட்டவள்
கண் இல்லாத பறவையை அணிந்திருந்தாள்.

முதலில் அச்சடித்த துணியை
பின் துளைகளோடு ஜன்னலிலேயே மாட்டியிருக்கிறேன்.
எவ்வளவு தேய்த்தும் அதில் ஒரு மங்கிய பெலிக்கன்.
உள்ளிருந்து பார்த்தால் மலைப்பக்கம்.
அவர் வீட்டிலிருந்து பார்த்தால் சரியாக இருக்கிறதாம்.
வெல்வெட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
யஸ்னா கால்சட்டைகளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.